ஆறு கூப்பனுக்கு ஆறு பில்

மந்தாரக்குப்பம்,
11.02.2018, ஞாயிற்றுக்கிழமை.

என் தங்கம் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே ஷார்ஜாவில் அந்த ஏசிக் குளிரில் எட்டு மணி நேரம் பில் கவுன்ட்டரில் நின்றாலும் கால் வீங்காமல், நேரத்துக்கு நாலு வாய் சாப்பிட்டு, தெம்பாக இருக்க வேண்டும் என்று வடலூர் ஜோதியை மனசில் நிறுத்திக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனில் சொல்ல வேண்டியதை எதற்கு இந்த அம்மா மெயிலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் பிரேக் முடிந்துவிடுகிறது, "சரிம்மா வெக்கிறேன்மா, சூப்பர்வைசர் வராரு" என்று வைத்துவிடுகிறாய். இது அப்படி அரைகுறையாகச் சொல்லும் விஷயம் இல்லை. ஒரு மாசமாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நீ வாங்கி அனுப்பிய போனில்தான் இரண்டு கட்டைவிரலாலும் தட்டுகிறேன், இந்தத் தமிழ் கீபோர்டைக்கூட யாரும் காட்டித் தரவில்லை, நானே தேடி இறக்கிக்கொண்டேன், அதனால் புள்ளி கமாவில் குற்றம் பார்க்காதே.

முதலில் வீட்டு சேதி. அப்பாவுக்கு இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். சுரங்கத்தில் கன்வேயருக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப் போடுகிற அதே வேலைதான், குனிந்து குனிந்து முட்டி வலிக்கிறது என்கிறார், நீ அனுப்பிய தைலத்தைத் தினமும் தேய்த்துவிடுகிறேன், வாசனை நன்றாக இருக்கிறது என்று கழுத்திலும் தடவிக்கொள்கிறார். எனக்குப் பொங்கலுக்குத் தைக்க வந்த ஜாக்கெட் மட்டும் நாற்பத்தொன்று. முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் பலா மரத்தில் பிஞ்சு விட்டிருக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள், நீ ஜூனில் லீவு கேட்டு வந்தால் பழத்துக்குச் சரியாக இருக்கும், இப்போதே கேட்டு வை. பக்கத்து வீட்டு மாடியில் ஒரு டவர் வைத்தார்கள், நம் வீட்டில் இப்போது நெட் பறக்கிறது. என் சந்தோஷத்தை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குக் கூப்பன் என்றால் எவ்வளவு பைத்தியம் என்று உனக்குத் தெரியும். யூடியூபில் வெள்ளைக்காரப் பெண்கள் கத்தை கத்தையாகக் கூப்பனை வெட்டி, ஃபைலில் போட்டு, வண்டி நிறைய சாமான் எடுத்துக்கொண்டு காலணா கொடுக்காமல் வெளியே வருவதை நான் ஒரு நாளைக்கு மூன்று பார்ப்பேன், அவர்கள் பேசுவது பாதி புரியாது, ஆனால் கவுன்ட்டரில் அந்தப் பில் இறங்கிக்கொண்டே வரும்போது எனக்கு இங்கே மெஷினில் கால் தானாக வேகமாக மிதிக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வாட்ஸ்அப்பில் "கூப்பன் கூட்டம்" என்று குரூப் ஆரம்பித்தேன். எந்தக் கடையில் என்ன சலுகை, எது நிஜம், எது ஏமாற்று என்று போட்டோவோடு போடுவேன். இன்றைக்கு அதில் அறுபத்திரண்டு பேர். எட்டாவதோடு நின்றவள் நடத்துகிற குரூப்பில் இரண்டு டீச்சர்கள் சேர்ந்தார்கள், அவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்டார்கள்.

போன ஆவணியில் நம் மெயின் ரோட்டில் வளர்பிறை சூப்பர் மார்க்கெட் என்று ஒன்று திறந்தார்கள். ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கூப்பன், அடுத்த முறை பில்லில் முப்பது ரூபாய் குறைப்பார்கள். பச்சைத் தாள், பின்பக்கம் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று ஒரே வரி. அந்த நிபந்தனை என்ன என்று கடையில் எந்தச் சுவரிலும் இல்லை. முதல் நாளே நான் போய்விட்டேன். கஸ்டமர் கார்டுக்கு ஒரு பெண் ஃபாரம் நிரப்பினாள், மெர்லின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள், முத்தாண்டிக்குப்பத்துப் பெண், உன் வயதுதான் இருக்கும். பெயர் எழுதினாள், போன் நம்பர் எழுதினாள், நிமிர்ந்து, "எந்த பிளாக் மேடம்?" என்றாள். இந்த ஊரில் இந்தக் கேள்வியை நான் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில், கல்யாண வீட்டில், துணிக்கடையில், பெயருக்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். பிளாக் நம்பர் சொன்னால் சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், உட்காருங்கள் என்பார்கள். மந்தாரக்குப்பம் என்றால் "கான்ட்ராக்டா?" என்று அடுத்த கேள்வி வரும், அதற்குள் குரல் ஒரு படி இறங்கியிருக்கும். அன்றைக்கு அந்தப் பெண் மேடம் என்று சொன்ன விதத்தில், இந்தக் குரலும் இறங்குவதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. பிளாக் பதினாறு என்று வாயில் வந்துவிட்டது. கூடவே கஸ்தூரியம்மா வீட்டுக் குவார்ட்டர்ஸ் நம்பரும் வந்துவிட்டது. நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற வீடு, நீ அனுப்புகிற பார்சலெல்லாம் இறங்குகிற வீடு, அந்த நம்பர் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வருமே.

அதற்கப்புறம் நாலு மாசம் அந்தக் கடையில் எனக்கு ராஜ மரியாதை. ஒரே பில்லில் மூன்று கூப்பன் கொடுத்தேன், எடுத்துக்கொண்டார்கள். தேதி முடிந்து ஒரு வாரம் ஆனதைக் கொடுத்தேன், "பரவால்ல மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். எண்ணெய்க்குக் கூப்பன் கிடையாது என்று எனக்கு முன்னால் நின்றவரிடம் சொன்ன வாய் என்னிடம் சரி என்றது. நான் அதை என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். கூப்பனை எப்படி நீட்ட வேண்டும், எப்போது நீட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். குரூப்பில் பில்லைப் போட்டோ எடுத்துப் போட்டு, வளர்பிறை மாதிரி கடை கடலூர் மாவட்டத்திலேயே இல்லை, ஒரு பில்லில் மூன்று கூப்பன் எடுப்பார்கள், தைரியமாகப் போங்கள் என்று எழுதினேன். நடுநடுவே இரண்டு மூன்று பேர் "எங்களுக்கு ஒண்ணுதான் எடுத்தாங்க தனம்", "எனக்கு அரிசிக்கு இல்லன்னுட்டாங்க" என்று போட்டார்கள். நீங்கள் கேட்கிற விதம் சரியில்லை என்று நான் பதில் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

நம் தெருவில் மூன்றாவது வீட்டுக் கலியம்மாள் பெரியம்மாவை உனக்குத் தெரியும், பவர் ஹவுஸில் கான்ட்ராக்டில் பெருக்குகிறவர். தைப்பூசத்துக்கு வடலூர் போகிற வழியில் வருஷா வருஷம் ஒரு அண்டா ரவா கிச்சடி கிளறி, நடந்து போகிறவர்களுக்குத் தொன்னையில் கொடுப்பாரே, சின்னப் பிள்ளையில் நீ கரண்டி பிடித்திருக்கிறாய். இந்த வருஷம் என் பேச்சைக் கேட்டு, ஐப்பசியிலிருந்து அந்தக் கடையிலேயே சாமான் வாங்கி, ஆறு கூப்பன் சேர்த்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். பொங்கலுக்கு முந்தின வாரம் ரவையும் எண்ணெயும் முந்திரியும் எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போயிருக்கிறார். பில் போட்டபிறகு ஆறையும் நீட்டியிருக்கிறார். ஒன்றுதான் எடுப்போம் என்றார்களாம், அதிலும் மேலே இருந்தது தேதி முடிந்துவிட்டது என்றார்களாம். அவர் ஆறையும் திருப்பி வாங்கிக்கொண்டார், கையில் இருந்த பணம் போதவில்லை. வரிசையில் அத்தனை பேர் பார்க்க ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். முந்திரி, அப்புறம் எண்ணெய், அப்புறம் பாதி ரவை. அவருக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம் மூன்று கூப்பனை ஒரே பில்லில் எடுத்தார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்க பிளாக்கும்மா" என்று பதில்.

சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "ஏன் தனம், நீ போன்ல போட்டது பொய்யா? எனக்குதான் படிக்கத் தெரியாது, எம் பொண்ணு படிச்சி சொல்லி நான் போனேன். அந்த மூட்டைய அவுத்து அவுத்து எடுத்தாம்பாரு, நான் திருடிகினு வந்தவ மாதிரி நின்னுகினு இருந்தேன்" என்றார். நான் பொய் இல்லை அக்கா, நாளைக்கு நானே கூட வருகிறேன், எப்படி எடுக்கவில்லை என்று பார்க்கிறேன் என்றேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை தமிழு. உண்மையாகவே எனக்குப் புரியவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர்கள் ஆள் தெரியாமல் செய்துவிட்டார்கள், நான் போய் நின்றால் சரியாகிவிடும் என்றுதான் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் யூடியூபில் பார்த்ததை அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே போனேன், அவர் "ம்", "ம்" என்று மட்டும் வந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனோம். மெர்லின்தான் கவுன்ட்டரில். "வாங்க மேடம், பொங்கலுக்கு வரலியேன்னு பாத்தேன்" என்றாள். என் சாமானுக்கு மூன்று கூப்பன் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே எடுத்தாள். அடுத்து பெரியம்மா சாமானை வைத்து ஆறு கூப்பனையும் வைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது. "இவங்களுக்கு ஒண்ணுதான் வரும் மேடம்" என்றாள். இப்போதுதானே மூன்று எடுத்தாய் என்றேன். என் பக்கம் சாய்ந்து மெல்ல, "சார் சொல்லியிருக்காரு மேடம். பிளாக் கஸ்டமர்னா பாத்து வுடலாம், வெளி ஆளுங்கன்னா ஒண்ணுதான், தேதியும் பாக்கணும். நீங்க பதினாறு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். என் சாமர்த்தியம் எல்லாம் அந்த இடத்தில் பொசுக்கென்று போய்விட்டது. நாலு மாசமாகக் கடை என்னைப் பார்க்கவே இல்லை, கஸ்தூரியம்மா வீட்டு நம்பரைத்தான் பார்த்திருக்கிறது. நான் அப்படியே நின்றதைப் பார்த்து அந்தப் பெண்ணே இரக்கப்பட்டு, "ஒண்ணு பண்ணலாம் மேடம், இவங்களோடதையும் உங்க கார்டுலயே போட்டுடறேன், ஆறும் எடுத்துக்கும்" என்றாள். பெரியம்மா என் முழங்கையை இடித்து, "போட்டுட்டுப் போவட்டும் தனம், நமக்கு ரவ கெடச்சா போதும், வா" என்றார்.

போட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்திருப்போம். சாமானும் வந்திருக்கும், என் பொய்யும் பத்திரமாக இருந்திருக்கும். எனக்கு வாயில் "சரி" என்றுதான் வந்தது. அப்போது உன் ஞாபகம் வந்தது. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை நீ சொன்னாய், கேம்ப்பிலிருந்து வேலையாட்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், அழுக்கு யூனிஃபார்மோடு, விளம்பரத் தாளில் வெட்டிய கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றப் பெண்கள் அவர்களைக் கடைசிக் கவுன்ட்டருக்குப் போகச் சொல்வார்கள், நீ மட்டும் உன் கவுன்ட்டருக்குக் கூப்பிட்டு, கோட்டுப் போட்டவருக்குச் சொல்கிற அதே "சார்" சொல்லி பில் போட்டாய். வரிசை நின்றுபோகிறது என்று சூப்பர்வைசர் திட்டினார். நான்கூட உன்னைத்தான் கடிந்துகொண்டேன், ஊர் விட்டு ஊர் போன இடத்தில் உனக்கு எதற்கு வம்பு என்று. நீ என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா, "எங்கப்பா இந்த மாதிரி டிரஸ்ஸோடதாம்மா கடைக்குப் போவாரு" என்றாய். என் பெண் கடல் தாண்டிப் போய் அப்படி நிற்கிறாள், நான் இத்தனை வருஷம் வாழ்ந்த ஊரில் நின்றுகொண்டு அடுத்தவர் வீட்டு நம்பருக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

என் கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன். "நான் பிளாக் பதினாறு இல்லம்மா. அன்னிக்கி பொய் சொல்லிட்டேன். நான் மந்தாரக்குப்பம்தான், இவங்க வூட்லேர்ந்து மூணாவது வூடு. எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டு, பத்தொம்போது வருஷமா. அந்த மூணு கூப்பனயும் திருப்பிக் குடு" என்றேன். மெல்லத்தான் சொல்ல நினைத்தேன், எனக்கு எப்போது மெல்லப் பேச வந்திருக்கிறது, கடை முழுக்கக் கேட்டுவிட்டது. மெர்லின் எழுந்தே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார், ஜெரால்டு என்று பெயர், முப்பது வயதிருக்கும், டை கட்டியிருந்தார். தப்பான முகவரி கொடுத்திருக்கிறேன், கார்டைக் கேன்சல் பண்ண வேண்டிவரும் என்றார். பண்ணுங்கள், தப்பு என்னுடையதுதான் என்றேன். அது அவர் எதிர்பார்க்காதது. அப்புறம் நான் கேட்டேன், "பிளாக்குன்னா மூணு, மந்தாரக்குப்பம்னா ஒண்ணு, இதான சார் உங்க ரூலு? அத அப்டியே ஒரு போர்டுல எழுதி வாசல்ல மாட்டிடுங்க. நாங்க படிச்சிட்டு, வரதா வாணாமான்னு முடிவு பண்ணிக்கறோம்." அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா என்றார். "எழுத முடியாத ரூல இந்தப் பொண்ணு வாயால மட்டும் எதுக்கு சார் சொல்ல வெக்கறீங்க? திட்டு வாங்கறது அதுதான?" என்றேன். வரிசையில் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்த ஒருத்தர் நின்றிருந்தார், கையில் கோதுமை மாவுப் பையோடு, "எழுதிடு தம்பி, எங்களுக்கும் டைமாவுது" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை, ஆறு கூப்பனையும் ஒவ்வொன்றாக அடுக்கி மடியில் செருகிக்கொண்டு, "எழுதி மாட்டுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் வெளியே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குரூப்பில் எல்லாரும் வீடியோ எடுத்தாயா, வீடியோ எடுத்தாயா என்றுதான் கேட்டார்கள். போன் கையில்தான் இருந்தது, எடுத்திருக்கலாம், ஊரெல்லாம் ஓடியிருக்கும், உண்மையைச் சொல்கிறேன், எடுத்திருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று எனக்கே ஒரு ஆசை. ஆனால் வீடியோவில் முதலாளி முகமா தெரியும், மெர்லின் முகம்தான் தெரியும். நீ நிற்கிற மாதிரி ஒரு கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற பெண். அதனால் வீடியோவுக்குப் பதில் நான் என் குரலிலேயே பேசிப் போட்டேன். கடை செய்ததையும் சொன்னேன், நான் பிளாக் என்று சொன்ன பொய்யையும் சொன்னேன், கேட்கிற விதம் சரியில்லை என்று உங்களிடம் சொன்னேனே, என்னை மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அப்புறம் ராஜாம்பாள் அக்கா, வடலூர் ரோட்டில் பூ கட்டுகிறாரே அவர், "நானும்தாண்டி பிளாக் அஞ்சுன்னு குடுத்துருக்கேன்" என்று போட்டார். பின்னாலேயே இன்னொருத்தி, பின்னாலேயே இன்னொருத்தி. மொத்தம் பதினோரு பேர். அதில் நாலு பேர் ஒரே குவார்ட்டர்ஸ் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் நிஜமாக யார் இருக்கிறார்கள் என்று நாலு பேருக்குமே தெரியாது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

கஸ்தூரியம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். திட்டுவார்கள் என்று ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். "இதுக்கா இப்டி மூஞ்ச வெச்சிக்கிட்டு நிக்கிற? அது எங்க வீடா தனம்? கம்பெனி வீடு. மே மாசம் எங்க சார் ரிட்டையர்டு, சாவியக் குடுத்துட்டு நாங்க திருநெல்வேலிக்குக் கெளம்பணும். அப்பறம் எங்கள யாராவது எந்த பிளாக்னு கேட்டா நாங்க என்ன சொல்வோம்?" என்றார்கள். காபி போட்டுக் கொடுத்தார்கள்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் கடை வாசலில் போர்டு மாட்டியிருந்தார்கள். மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து, பத்தடி தள்ளி நின்றாலே படிக்கலாம். ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன், எல்லாருக்கும். தேதி முடிந்து ஒரு மாதம் வரை எடுத்துக்கொள்ளப்படும், எல்லாருக்கும். எல்லாப் பொருளுக்கும் உண்டு. "எல்லாருக்கும்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்ததைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இந்த மெயிலோடு இருக்கிறது பார். குரூப்பில் எல்லாரும் மாலை போடவில்லை, பிளாக்கிலிருந்து இரண்டு பேர் "உன்னாலதான் எங்களுக்கு மூணு போச்சு" என்று கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள். அதில் ஒரு டீச்சர். போகட்டும். போர்டைப் படித்துவிட்டு வந்து சொன்னதும் பெரியம்மா ஒன்று கேட்டார், "ஒரு பில்லுக்கு ஒண்ணுன்னா, ஆறு பில்லு போடச் சொன்னா?" போர்டில் அதற்குத் தடை இல்லை. தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது போனார், நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். எண்ணெய் ஒரு பில், முந்திரி ஒரு பில், ரவை மட்டும் நாலு பில். ஒவ்வொரு பில் முடிந்ததும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்ப வருவார், யார் இடத்தையும் தட்டவில்லை. மெர்லின், "அடுத்ததும் நீங்கதானா மேடம்?" என்றாள். பெரியம்மா திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார், மேடம் என்று யாரைக் கூப்பிடுகிறாள் என்று. தன்னைத்தான் என்று தெரிந்ததும், "நாந்தாம்மா, இன்னும் ரெண்டு கீது" என்றார். நாலாவது பில்லில் மேனேஜரே வந்து பை பிடித்துக் கொடுத்தார். தைப்பூசத்தன்று கிச்சடியில் முந்திரி கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. மெர்லின் டூட்டி முடிந்து வந்து இரண்டு தொன்னை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அப்பா சங்கதியைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். நான் பிளாக் என்று சொல்லியிருந்தது அவருக்கு அதுவரை தெரியாது. கடையில் கார்டை எடுத்து வைத்த அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபமா வருத்தமா ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், "கான்ட்ராக்ட்டுனு சத்தமாவா சொன்ன?" என்றார். ஆமாம் என்றேன். "எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றார். வெளியே வண்டி நிறுத்துகிறவருக்குக்கூடக் கேட்டிருக்கும் என்றேன். தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார். போர்டு மாட்டியபிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்கு என்னோடு அவரும் வந்தார், ஷிப்ட் யூனிஃபார்மோடு. வீட்டில் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்குகிறது, அதைப் போடவில்லை. எனக்குப் புது கார்டுக்கு மெர்லின் ஃபாரம் எடுத்தாள். "அட்ரஸ் சொல்லுங்க மேடம்" என்றாள், எந்த பிளாக் என்று கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே முன்னால் வந்து, கதவு நம்பரிலிருந்து தண்ணி டேங்க் வரைக்கும் முழுசாகச் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் பார்த்ததே இல்லை.

என் கண்ணே, உன்னை நினைத்தால் எனக்கு எவ்வளவு பெருமை என்று போனில் சொல்ல வெட்கமாக இருக்கும், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். நீ அந்த வேலையாட்களை "சார்" என்று கூப்பிட்டிருக்காவிட்டால் நான் அந்தக் கார்டை எடுத்து மேஜையில் வைத்திருக்க மாட்டேன். கூப்பன் ஃபைல் இன்னும் வைத்திருக்கிறேன், அந்தப் பைத்தியம் போகவில்லை. காலுக்கு மறக்காமல் சாக்ஸ் போடு, ராத்திரி நூடுல்ஸைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஆத்திரத்தோடு வருகிற கஸ்டமரிடம் நீ குரலை உயர்த்தாதே, ரூல் போட்டவன் உள்ளே உட்கார்ந்திருப்பான் என்று அவர்களுக்குத் தெரியாது. நீ நிற்கிற இடம் உனக்கு நல்ல இடமாக இருக்கட்டும், கை கால் சுகத்தோடு, நல்லவர்கள் துணையோடு, நூறு வருஷம் நன்றாக இரு. அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார்.

கடைசியாக ஒன்று, இதை மறக்காமல் செய். நீ வேலைக்குப் போகும்போது உன் கம்பெனி ஃபாரத்தில் ஊர் முகவரி என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டாய், நான்தான் கஸ்தூரியம்மா வீட்டைப் போடச் சொன்னேன். பார்சல் தொலையாமல் வரும் என்று உன்னிடம் காரணம் சொன்னேன், அது பாதிக் காரணம்தான். மீதி உனக்கு இப்போது தெரியும். நாளைக்கே ஆபீஸில் சொல்லி அதை மாற்று. கொரியர்காரருக்கு நம் தெரு தெரியாவிட்டால் போன் பண்ணட்டும், நான் முனையில் போய் நிற்கிறேன். எழுத வேண்டியதைக் கீழே போட்டிருக்கிறேன், ஓர் எழுத்து விடாமல் இப்படியே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
வே. தனம்,
கணவர் பெயர் வேணு, சுரங்கக் கான்ட்ராக்ட் தொழிலாளி,
கதவு எண் 27, மேட்டுத் தெரு, தண்ணீர் டேங்க் எதிரில்,
மந்தாரக்குப்பம்.